ஆங்கிலம் பழகும் பிள்ளைகளும் உபாத்தியாயர் போடும் மார்க்கும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சர்க்கார் பள்ளிக்கூடங்களில் படிக்கும் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம், அதாவது சுமார் 50 லட்சம் பேர், ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைகள் என்று அந்நாட்டுக் கல்வி இலாகாவின் கணக்கு சொல்லுகிறது. இவர்களில் சுமார் முக்கால் பங்குப் பேர் வீட்டில் ஸ்பானிஷ் பாஷை பேசுகிறவர்கள். மற்றவர்கள் அரபி, சீனம், வியட்நாமி என்று எத்தனையோ பாஷைகள் பேசும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். அங்கே குடியேறிய தமிழர்களின் பிள்ளைகளும் அக்கூட்டத்தில் உண்டு. இந்தப் பிள்ளைகள் எல்லாம், பிறந்தது முதல் ஆங்கிலமே கேட்டு வளர்ந்த பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தைப் படித்து, ஒரே கேள்விக்குப் பதில் எழுதி, ஒரே அளவுகோலால் மார்க்கு வாங்குகிறார்கள். அந்த மார்க்கு எதைக் காட்டுகிறது என்பதுதான் இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

"எங்கேயோ இருக்கிற அமெரிக்காவில் எவன் பிள்ளைக்கு எத்தனை மார்க்குப் போட்டால் நமக்கென்ன?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். பரீட்சை மார்க்கைக் காட்டி, "இவன் தகுதியுள்ளவன், அவன் தகுதியற்றவன், இவன் புத்திசாலி, அவன் மந்தபுத்தி" என்று மனிதரைப் பிரித்து வைக்கும் காரியம் எந்த நாட்டில் நடந்தாலும், அந்த மார்க்கு எப்படி வந்தது என்று கேட்டுப் பார்ப்பது பகுத்தறிவுக்காரர்களின் வேலையேயாகும். அப்படிக் கேட்டுப் பார்த்து, நியாயஸ்தலம் வரைக்கும் போய், மோசம் என்று ருசுவான சங்கதிகள் அமெரிக்காவில் இருக்கின்றன. அவற்றை நம் மக்கள் தெரிந்துகொள்வதில் நஷ்டமொன்றுமில்லை.

சந்தையில் சில கடைக்காரர்கள் தராசுத் தட்டின் அடியில் புளியை ஒட்டி வைத்து நிறுப்பதுண்டு. வாங்குகிறவனுக்குத் தெரிவது முள்ளின் கணக்குத்தான். தெரியாத பாஷையில் பிள்ளையைக் கணக்குக் கேட்பதும், பூகோளம் கேட்பதும், விஞ்ஞானம் கேட்பதும் இதற்குச் சமானமான காரியமே. ஒரு வித்தியாசம் என்னவென்றால், கடைக்காரனுக்குப் புளி ஒட்டியிருப்பது தெரியும். பள்ளிக்கூட உபாத்தியாயருக்கோ அது தெரிவதில்லை. அவர் தாம் கணக்கை அளந்ததாகவே மனப்பூர்வமாக நம்புகிறார். அளந்தது பாதிக்குமேல் ஆங்கிலத்தை என்பது அவருக்குத் தோன்றுவதேயில்லை.

இந்தப் பித்தலாட்டம் எங்கே ஆரம்பித்தது என்று பார்ப்போம். பிரான்சு தேசத்தில் 1905ல் ஆல்பிரெட் பினே என்பவர், பள்ளிக்கூடத்தில் எந்தெந்தப் பிள்ளைக்கு அதிக உதவி தேவை என்று கண்டறிவதற்காக ஒரு பரீட்சை உண்டாக்கினார். உதவி செய்வதற்காக உண்டாக்கிய அந்தச் சாதனம் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியதும் வேறு வேலைக்கு வந்துவிட்டது. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒரு தீவு. ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த ஏழை ஜனங்கள் வந்து இறங்கிய இடம் அது. 1913ல் ஹென்றி காடர்ட் என்னும் மனோதத்துவப் பண்டிதர் அங்கே உதவியாளர்களை அனுப்பி, கப்பலின் கீழ்த்தட்டில் பிரயாணம் செய்து வந்தவர்களில் சிலரைப் பொறுக்கி, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தப் புத்திப் பரீட்சையை நடத்தினார். 1917ல் அவர் வெளியிட்ட முடிவாவது: யூதர்களில் 100க்கு 83 பேரும், ஹங்கேரியரில் 80 பேரும், இத்தாலியரில் 79 பேரும், ருஷ்யரில் 87 பேரும் மந்தபுத்தியுள்ளவர்களாம்! இந்தப் பெரிய உண்மையைக் கண்டுபிடிக்க அவர் பரீட்சித்தது எத்தனை பேரை? யூதர் 35, ஹங்கேரியர் 22, இத்தாலியர் 50, ருஷ்யர் 45. ஆக 152 பேர்.

ஐந்து பேரில் நான்கு பேர் மூடர் என்றால் அந்தத் தேசங்களில் நிலத்தை உழுதவன் யார், ரொட்டி சுட்டவன் யார், ரயில் ஓட்டினவன் யார் என்று அந்தப் பண்டிதர் யோசித்திருக்க வேண்டாமா? பல நாள் கடலில் அலைந்து, மூட்டை முடிச்சோடு கரையிறங்கி, எந்த அதிகாரி எந்தக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்புவானோ என்று நடுங்கி நின்ற ஏழையைப் பிடித்து, இன்று என்ன தேதி, மூன்று நிமிஷத்தில் அறுபது வார்த்தை சொல் என்று கேட்டால் அவன் என்ன சொல்லுவான்? அவன் விழித்ததைப் புத்தி இல்லாமை என்று எழுதிக்கொண்டார்கள்.

இதற்கடுத்தது இதைவிட வேடிக்கையானது. முதல் உலக யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேர்ந்த சுமார் 17 லட்சம் பேருக்குப் புத்திப் பரீட்சை வைத்தார்கள். அதில் ஒரு கேள்வி, கிறிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா என்பது. கிறிஸ்கோ என்பது அமெரிக்கக் கடைகளில் விற்கும் ஒருவகைச் சமையல் கொழுப்பு. நம்மூர் வனஸ்பதி போன்றது. இன்னொரு கேள்வி, இன்னார் பந்தாட்டக்காரரா, எழுத்தாளரா, ஓவியரா, விதூஷகரா என்பது. சிசிலித் தீவில் ஒலிவ எண்ணெயில் சமைத்துத் தின்று வளர்ந்தவனுக்கு அமெரிக்கக் கொழுப்பு டப்பாவின் பெயர் தெரியாவிட்டால் அவனுக்கு மூளை இல்லை என்று அர்த்தமாம்!

இந்த மார்க்குகளை அள்ளி வைத்துக்கொண்டு 1923ல் கார்ல் பிரிகாம் என்ற பேராசிரியர் ஒரு புத்தகம் எழுதினார். அந்தக் கணக்கில் ஒரு சங்கதி கண்ணில் குத்திக்கொண்டு நின்றது. அதாவது, வெளிநாட்டில் பிறந்தவர்களில் அமெரிக்காவுக்கு வந்து ஐந்து வருஷத்துக்குள் ஆனவர்களின் மார்க்குக் குறைவு. பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆனவர்களின் மார்க்கு அதைவிட அதிகம். இருபது வருஷத்துக்குமேல் ஆனவர்களின் மார்க்கோ அங்கேயே பிறந்தவர்களின் மார்க்குக்குச் சரி. படிக்காத குடியானவனிடம் இதைச் சொன்னாலும், "இருக்க இருக்கப் பாஷையும் ஊர் வழக்கமும் பழகிவிட்டது சாமி" என்று சொல்லிவிடுவான். நமது பேராசிரியர் என்ன சொன்னார் தெரியுமா? இருபது வருஷத்துக்கு முன் வந்தவர்கள் வடஐரோப்பிய உயர்ந்த ரத்தம், பின்னால் வந்தவர்கள் தாழ்ந்த ரத்தம், ஆகையால்தான் மார்க்குக் குறைகிறது என்றார். பிறப்பிலேயே அறிவு இருக்கிறது என்று ஒருவன் தீர்மானித்துக்கொண்டால் பிறகு எந்தக் கணக்கும் அவன் கண்ணைத் திறக்காது என்பதற்கு மனுதர்மம் உண்டான நாட்டில் உள்ள நமக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. 1924ல் தென், கிழக்கு ஐரோப்பிய மக்களை உள்ளே விடாதபடி குடியேற்றச் சட்டம் வந்தபோது கிளம்பிய கூச்சலில் இந்த மார்க்குக் கணக்குகளும் கலந்திருந்தன. பிரிகாம் 1930ல், வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர்களை இப்படி ஒப்பிட்டது செல்லாது, தம் ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமே இல்லை என்று தாமே எழுதிவிட்டார். எழுதியது யோக்கியமான காரியம்தான். ஆனால் சட்டம் 1965 வரை தன் குணத்தை விடவில்லை.

நிற்க. இவை எல்லாம் பழங்கதை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 1970ல் கலிபோர்னியா மாகாணத்து மான்டரே ஜில்லாவில், மெக்சிகோ வம்சத்துப் பண்ணைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேருக்காக ஒரு வழக்குத் தொடரப்பட்டது. டயானா வழக்கு என்று அதற்குப் பெயர். அந்த ஒன்பது பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்தார் மந்தபுத்திப் பிள்ளைகளுக்கென்று ஏற்பட்ட வகுப்பில் தள்ளியிருந்தார்கள். என்ன ஆதாரத்தின் பேரில்? ஆங்கிலத்தில் வைத்த புத்திப் பரீட்சை மார்க்கின் பேரில். வீட்டில் ஸ்பானிஷ் பேசும் அப்பிள்ளைகளை, இரண்டு பாஷையும் தெரிந்த ஒருவரைக் கொண்டு மறுபடியும் பரீட்சித்துப் பார்த்ததில் சராசரி சுமார் 15 புள்ளி ஏறியது. மிகப் பெரும்பாலோர் அந்த வகுப்பில் இருக்க வேண்டியவர்களே அல்ல என்று தெரிந்தது. பரீட்சை கேட்டவரின் வாயிலிருந்து வந்த பாஷை மாறியதைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. இனிமேல் பிள்ளையின் தாய்பாஷையிலும் பரீட்சிக்க வேண்டும், ஏற்கெனவே அவ்வகுப்புகளில் இருக்கும் மெக்சிகோ, சீன வம்சத்துப் பிள்ளைகளை எல்லாம் மறுபடியும் பரீட்சித்துப் பார்க்க வேண்டும் என்று மாகாணக் கல்வி அதிகாரிகள் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அந்த வகுப்பில் தள்ளப்பட்ட பிள்ளைக்குப் பெரிய படிப்பு இல்லை, அதனால் பெரிய உத்தியோகமும் இல்லை. ஒரு மணி நேரப் பரீட்சை ஓர் ஆயுசைத் தீர்மானித்துவிட்டது என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கொடுமை விளங்கும்.

நான்கு வருஷத்துக்குப் பின், 1974ல், சான்பிரான்சிஸ்கோ நகரத்துச் சீனப் பிள்ளைகளின் வழக்கு அமெரிக்கத் தலைமை நியாயஸ்தலத்துக்குப் போயிற்று. ஆங்கிலம் தெரியாத சுமார் 2,800 சீனப் பிள்ளைகளில் ஏறக்குறைய 1,800 பேருக்கு எவ்வித உதவியும் இல்லாமல் வகுப்பில் சும்மா உட்கார வைத்திருந்தார்கள். "எல்லோருக்கும் ஒரே புத்தகம், ஒரே உபாத்தியாயர், ஒரே கட்டடம் கொடுத்திருக்கிறோமே, இதில் பாரபட்சம் எங்கே?" என்று பள்ளிக்கூட அதிகாரிகள் வாதித்தார்கள். பாஷையே புரியாதவனுக்கு ஒரே புத்தகத்தைக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று நீதிபதிகள் அனைவரும் ஒரு முகமாகத் தீர்ப்புச் செய்தார்கள். கிணற்றில் இறங்க எல்லோருக்கும் உரிமை கொடுத்துவிட்டோம் என்று சொல்லிப் பாதிப் பேருக்குக் கயிற்றையும் வாளியையும் ஒளித்து வைப்பது என்ன சமத்துவம்? 1975ல் வந்த வேறொரு சட்டம், ஊனமுள்ள பிள்ளை என்று முடிவு கட்டுமுன் அப்பிள்ளையின் சொந்த பாஷையில் பரீட்சிக்க வேண்டும் என்று விதித்தது.

இப்போதுள்ள ஏற்பாடு என்னவென்றால், 2015ல் நிறைவேறிய சட்டப்படி, ஆங்கிலம் பழகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருஷம் ஒரு முறை கேட்டல், பேசல், படித்தல், எழுதல் ஆகிய நான்கிலும் ஆங்கிலப் பரீட்சை உண்டு. அதல்லாமல் மற்றப் பிள்ளைகள் எழுதும் கணக்கு முதலிய பரீட்சைகளும் உண்டு. புதிதாக வந்து ஒரு வருஷம் ஆகாத பிள்ளைக்கு ஆங்கில வாசகப் பரீட்சையில் ஒரு தடவை விலக்குக் கொடுக்கலாம். கணக்குக்கு அந்த விலக்கு இல்லை. டெக்சாஸ் மாகாணத்தில் 3, 4, 5 வகுப்புப் பிள்ளைகள் ஸ்பானிஷிலேயே பரீட்சை எழுத வசதி உண்டு. எல்லா மாகாணங்களிலும், எல்லாப் பாஷைகளுக்கும் இந்த வசதி கிடையாது. இதற்கிடையே 2025 மார்ச்சில், ஆங்கிலமே அந்நாட்டின் ஆட்சி பாஷை என்று ஜனாதிபதி உத்தரவு பிறந்தது. இந்தப் பிள்ளைகளை எப்படி நடத்த வேண்டும் என்று 2015ல் கல்வி இலாகாவும் நீதி இலாகாவும் பள்ளிக்கூடங்களுக்கு எழுதியிருந்த விளக்கச் சுற்றறிக்கையும் 2025 ஆகஸ்டில் வாபஸ் ஆயிற்று. 1974ஆம் வருஷத்துத் தீர்ப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் தீர்ப்பை எடுத்துச் சொல்லும் காகிதம் போய்விட்டபடியால், வகுப்பில் நிற்கும் உபாத்தியாயரின் நிதானமும் நேர்மையும் முன்னைவிட அதிகமாக வேண்டியிருக்கிறது. வருஷாந்தரப் பரீட்சையின் முடிவு அவர் கைக்கு வந்து சேரும்போது பிள்ளை பெரும்பாலும் அந்த வகுப்பைத் தாண்டிப் போய்விடும். தினசரி அந்தப் பிள்ளையை அளந்துகொண்டிருப்பவர் அவர்தான். ஆதலால் மேற்கொண்டு அவரைப் பற்றியே பேசுவோம்.

அவர் முதலில் ஏமாறுகிற இடம் விளையாட்டு மைதானம். பிள்ளை பந்தாடும்போது "இங்கே போடு, அங்கே ஓடு" என்று ஆங்கிலத்தில் வெளுத்துக் கட்டுவதைப் பார்த்து, "இவனுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, இனிமேல் மார்க்குக் குறைந்தால் அது சோம்பேறித்தனம்" என்று அவர் முடிவு கட்டிவிடுகிறார். கனடாவில் டொராண்டோ நகரில் இருந்து ஆராய்ச்சி செய்த ஜிம் கம்மின்ஸ் என்ற பேராசிரியர், பேச்சு ஆங்கிலம் சுமார் இரண்டு வருஷத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலத்தில் மற்றப் பிள்ளைகளை எட்டிப் பிடிக்க ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும் என்று எடுத்துக் காட்டினார். சந்தையில் தெலுங்கு பேசி மாடு வாங்குகிறவனைக் கூப்பிட்டுத் தெலுங்கில் பத்திரம் எழுது என்றால் எழுதுவானா?

இதற்கு நேர்மாறாகவும் ஏமாறுவதுண்டு. புதிதாக வந்த பிள்ளை பல மாதம் வரைக்கும் வாயே திறப்பதில்லை. காதால் வாங்கிக்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து ஒன்றும் ஏறவில்லை என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளையிடம் வாயால் பதில் கேட்காமல், படத்தைத் தொட்டுக்காட்டச் சொல்லியோ, காய்களை வரிசைப்படுத்தச் சொல்லியோ, வரைந்து காட்டச் சொல்லியோ பார்த்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரிந்துபோகும். அதே பாஷை பேசும் இன்னொரு பிள்ளையோடு முதலில் பேசிக்கொள்ளவிட்டுப் பிறகு கேட்டாலும் தெரியும். இதற்குப் பணமும் வேண்டாம், புதிய சட்டமும் வேண்டாம்.

கணக்கை எடுத்துக்கொள்வோம். கணக்குக்குப் பாஷை ஏது என்பார்கள். கலிபோர்னியாவில் ஜமால் அபேடி என்ற ஆராய்ச்சியாளரும் அவரது கூட்டத்தாரும் பரீட்சைத் தாள்களை ஆராய்ந்து பார்த்ததில், வெறும் எண்களைக் கூட்டிக் கழிக்கும் கேள்விகளில் ஆங்கிலம் பழகும் பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் குறைவு என்றும், கதை போல எழுதிய வசனக் கணக்குகளில் அந்த வித்தியாசம் பெருகுகிறது என்றும் கண்டார்கள். அப்படியானால் அங்கே இடறியது கணக்கா, வசனமா? "பத்து ஆப்பிளில் நாலு போனால் எத்தனை லெப்ட்?" என்று கேட்கிறார்கள். லெப்ட் என்றால் இடது பக்கம் என்றுதான் பிள்ளை நேற்றுப் படித்தது. மீதி என்ற அர்த்தமும் உண்டென்று யாரும் சொல்லவில்லை. பத்தில் நாலு போனால் ஆறு என்பது அதற்கு அதன் ஊரிலேயே தெரியும். கேள்வியின் வசனத்தை எளிதாக்கிக் கணக்கை அப்படியே வைத்தால் இப்பிள்ளைகளின் மார்க்கு ஏறக்கூடும் என்பதும் அந்த ஆராய்ச்சியில் கண்டதே. போதாததற்கு, வகுத்தல் கணக்கில் கழித்தலை மனதுக்குள் செய்து மிச்சத்தை மட்டும் எழுதுவது மெக்சிகோவில் உள்ள வழக்கம். அமெரிக்க உபாத்தியாயர், வழியைக் காணோம் என்று சொல்லிச் சரியான விடைக்கும் மார்க்கைக் குறைக்கிறார். மனக்கணக்குப் போட்ட கெட்டிக்காரத்தனத்துக்கு அபராதம்!

எழுத்துப் பிழையும் இப்படியே. ஸ்பானிஷ் பேசும் பிள்ளை ஆங்கிலத்தில் ஸ்கூல் என்று எழுதவேண்டிய இடத்தில் முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்து எஸ்கூல் என்று எழுதும். அதன் பாஷையில் எந்த வார்த்தையும் அந்த ஒற்றோடு சேர்ந்து ஆரம்பிப்பதில்லை. நமது கிராமங்களில் "இஸ்கூல்" என்றும், "இஸ்டேஷன்" என்றும் சொல்லுகிறவர்களைப் பார்த்துப் பட்டணத்துப் படிப்பாளிகள் சிரிப்பார்களே, அந்த இ எங்கிருந்து வந்ததோ அங்கிருந்துதான் இந்த எ வந்தது. காதால் கேட்டதைத் தன் பாஷையின் விதிப்படி கிரமமாக எழுதுகிற பிள்ளைக்கு எழுத்தின் சூட்சுமம் தெரிந்துவிட்டது என்றே அர்த்தம். வாயால் அழகாகப் படிக்கிற பிள்ளையைப் பார்த்து மகிழ்ந்துபோவதும் அபத்தமே. உச்சரிப்புச் சுத்தமாகப் படித்துவிட்டு, படித்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் விழிக்கிறவர்கள் ஏராளம். அர்த்தம் தெரியாமல் ஸ்லோகம் ஒப்பிப்பதைப் பாண்டித்தியம் என்று கொண்டாடின நமக்கு இதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நாம் சொல்லுவது, ஒரே தாளுக்கு இரண்டு மார்க்குப் போடவேண்டும் என்பதேயாகும். தட்டில் வைத்த தண்ணீர் ஏன் குறைந்தது என்ற விஞ்ஞானக் கேள்விக்கு, "வாட்டர் கோ அப், சன் ஹாட்" என்று ஒரு பிள்ளை எழுதியிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். வெயில் சூட்டால் தண்ணீர் ஆவியாகி மேலே போகிறது என்பது அப்பிள்ளைக்கு விளங்கியிருக்கிறது. விஞ்ஞானத்துக்கு முழு மார்க்கும் கொடுக்கவேண்டியதுதான். ஆங்கிலத்துக்கு வேறாக மார்க்குப் போட்டு, எந்தச் சொல், எந்த விகுதி சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிசைந்து 10க்கு 3 என்று போட்டால், பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது, பெற்றோருக்கும் ஒன்றும் தெரியாது, அடுத்த நாள் எதைச் சொல்லிக்கொடுப்பது என்று உபாத்தியாயருக்கே தெரியாது.

"இப்படியெல்லாம் இளக்காரம் காட்டினால் பிள்ளைகள் ஆங்கிலமே கற்றுக்கொள்ளமாட்டார்கள்" என்று சிலர் சொல்லுவார்கள். இது இளக்காரம் அல்ல. ஆங்கிலம் அப்பிள்ளைகளுக்கு வேண்டும், நன்றாக வேண்டும், சீக்கிரமாகவும் வேண்டும். அது இல்லாமல் அந்நாட்டில் கூலி வேலைதான் மிஞ்சும். ஆங்கிலம் எவ்வளவு வந்திருக்கிறது என்பதைத் தனியே, கண்டிப்பாக, அடிக்கடி அளந்தால்தானே கற்றுக்கொடுக்க முடியும்?

இதில் இன்னொரு அபாயமும் இருக்கிறது. உண்மையிலேயே எழுத்துக் கூட்டிப் படிப்பதில் கோளாறோ, காது மந்தமோ உள்ள பிள்ளை ஒன்று இருக்கும். "ஆங்கிலம் வராத பிள்ளைதானே, போகப்போகச் சரியாகிவிடும்" என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுவார்கள். அதுவும் முன் சொன்ன அநியாயத்துக்குக் குறைந்ததல்ல. இதைக் கண்டுபிடிக்க வழி, அந்தச் சங்கடம் பிள்ளையின் சொந்த பாஷையிலும் இருக்கிறதா என்று பார்ப்பதுதான். தாயைக் கூப்பிட்டு, வீட்டில் எப்போது பேச ஆரம்பித்தது, சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிறதா, கதை சொல்லுகிறதா, ஊரில் எத்தனை வகுப்புப் படித்தது என்று கேட்டால் பாதி வெளியாகிவிடும். கேட்பதற்கு எத்தனை பேர் மெனக்கெடுகிறார்கள்?

தாய் தகப்பன்மார் செய்யும் தப்பும் ஒன்று உண்டு. அமெரிக்காவில் பிள்ளையைச் சேர்க்கும்போது, வீட்டில் என்ன பாஷை பேசுகிறீர்கள் என்று ஒரு காகிதத்தில் கேட்பார்கள். வேறு பாஷை என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலம் எவ்வளவு தெரியும் என்று சோதித்துப் பார்த்து, வேண்டிய உதவியைக் கொடுப்பது பள்ளிக்கூடத்தார் கடமை. நம்மவர்களில் சிலர், தமிழ் என்று எழுதினால் கௌரவக் குறைவென்றோ, பிள்ளையை மட்டமான வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று பயந்தோ, ஆங்கிலம் என்று எழுதிவிடுகிறார்கள். எழுதிவிட்டால் மேற்படி சட்டங்களில் உள்ள உதவி ஒன்றும் அந்தப் பிள்ளையைத் தேடி வராது. ஆங்கிலமே தாய்பாஷையாக உள்ள பிள்ளை என்று எண்ணித்தான் மார்க்குப் போடுவார்கள். சிறப்பு உதவி வகுப்பு வேண்டாம் என்று தோன்றினால் பெற்றோர் அதை மறுத்துவிட உரிமை இருக்கிறது. மறுத்தாலும் வருஷாந்தர ஆங்கிலப் பரீட்சை மட்டும் நிற்காது. ஆகையால் உள்ளதை உள்ளபடி தமிழ் என்றே எழுதுவதில் பயமொன்றும் இல்லை. பிறகு மார்க்குச் சீட்டு வந்ததும், "இந்த மார்க்கு என் பிள்ளைக்குக் கணக்குத் தெரியாததற்காகவா, கேள்வி புரியாததற்காகவா? எப்படிச் சோதித்துப் பார்த்தீர்கள்?" என்று உபாத்தியாயரைப் பார்த்துக் கேட்க வேண்டும். பெற்றோர் இதைத் தமிழிலேயே போய்க் கேட்கலாம். பெற்றோருக்குப் புரிகிற பாஷையில் சேதி சொல்லவும், வேண்டுமானால் மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யவும் அங்குள்ள பள்ளிக்கூடம் சட்டப்படி கடமைப்பட்டது. அதற்குக் கட்டணம் கிடையாது.